ரசாயனம் பட்டால் மரபணு தாவுமா? பாக்டீரியாவின் இடம்மாறும் மரபணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடம்மாறும் மரபணு என்பது எது?

டிஎன்ஏவில் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டு. பார்பரா மெக்ளின்டாக் 1940களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோளத்தில் இதைக் கண்டார். நோபல் பரிசு கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாக்டீரியாவில் இது தெரியவந்தது 1960களின் கடைசியில். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சில வகைகளில் காலக்டோஸைச் செரிக்கும் மரபணுக்கள் அடியோடு செயலிழந்திருந்தன. ஏன் என்று பார்த்தால், அவற்றுக்குள் ஓர் அந்நியத் துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்டவற்றை ஐஎஸ் துண்டுகள் என்கிறோம். நகர்வதற்குத் தேவையானது மட்டும்தான் அவற்றில் இருக்கும். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு போன்ற கூடுதல் மரபணுக்களையும் சுமந்து போகும் துண்டு டிரான்ஸ்போசான். டிஎன்3, டிஎன்5, டிஎன்10 என்று எண் போட்டு அழைப்பது வழக்கம்.

எப்படி நகர்கிறது?

பெரும்பாலானவை டிரான்ஸ்போசேஸ் என்ற நொதிக்கான மரபணுவைத் தாமே வைத்திருக்கின்றன. துண்டின் இரு முனைகளிலும் உள்ள டிஎன்ஏ எழுத்து வரிசையை அந்த நொதி அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு, வெட்டி, புது இடத்தில் ஒட்டும். டிஎன்5, டிஎன்10 இப்படி வெட்டி ஒட்டும் ரகம். டிஎன்3 தன் படியொன்றைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகும். நொதியின் வெட்டும் பகுதிக்கு மெக்னீசியம் அயனி வேண்டும், அது இல்லாமல் வெட்டு விழாது.

இது அடிக்கடி நடப்பதில்லை. துண்டைப் பொறுத்து பத்தாயிரம் செல்லில் ஒன்று, ஒரு கோடி செல்லில் ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். கண்டபடி தாவினால் ஏதாவது அத்தியாவசிய மரபணுவில் போய் விழும், செல் செத்தால் துண்டும் கூடவே சாகும். அதனால்தான் டிரான்ஸ்போசேஸ் உற்பத்திக்கு இத்தனை பூட்டுகள். ஒரு ரசாயனம் நகர்வைக் கூட்டுகிறது என்றால், இந்தப் பூட்டுகளில் எதையோ அது தளர்த்துகிறது என்று பொருள்.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். ரசாயனம் பட்டால் தாவுமா?

சில துண்டுகள், சில ரசாயனங்களுக்கு, ஆம். ஆனால் பத்திரிகைச் செய்திகளில் படிக்கும் அளவுக்கு இது பொதுவானதல்ல. பெரும்பாலான நேரங்களில் ரசாயனம் செய்வது வேறு வேலை: ஏற்கெனவே தாவியிருந்த செல்லை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது. இதைத் தேர்வு என்பார்கள். மறுநாள் பாக்டீரியா வளர்த்த தட்டைப் பார்ப்பவருக்கு எல்லாமே தாவியதுபோலத் தெரியும்.

இந்த இரண்டையும் பிரிக்காமல் எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். 'தூண்டுகிறது' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். டிரான்ஸ்போசேஸ் மரபணுவின் படியெடுப்பு (மரபணுவை ஆர்என்ஏவாக நகலெடுப்பது) கூடியதா, எந்த வழியில் கூடியது என்று காட்டியிருக்கிறார்களா என்று தேடுவேன். அதைக் காட்டியிருந்தால் நம்பலாம். காட்டாமல் எண்ணிக்கை மட்டும் கொடுத்திருந்தால், அது தேர்வின் விளைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

தேர்வு மட்டும் நடந்ததற்கு ஓர் உதாரணம்?

வான்கோமைசின். என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவில் இந்த மருந்துக்கு எதிர்ப்புத் தரும் வான்ஏ மரபணுத் தொகுதியை டிஎன்1546 என்ற டிரான்ஸ்போசான் சுமக்கிறது. மருந்து பட்டதும் அந்த எதிர்ப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பது உண்மை, அதற்கென்றே ஓர் உணரிப் புரதம் இருக்கிறது. ஆனால் விழிப்பது எதிர்ப்பு மரபணுக்கள், துண்டின் நகர்வு அல்ல. ஐரோப்பாவில் பன்றி, கோழித் தீவனத்தில் வான்கோமைசினின் உறவுக்கார மருந்தான அவோபார்சினை வளர்ச்சிக்காகக் கலந்துவந்தார்கள். பண்ணைகளில் எதிர்ப்பு என்டெரோகாக்கஸ் பெருகியது. டென்மார்க் 1995இலும் ஐரோப்பிய ஒன்றியம் 1997இலும் அதைத் தடை செய்தபின் குறைந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கத் தேர்வு ஒன்றே போதும்.

உண்மையிலேயே தூண்டப்படும் முதல் டிரான்ஸ்போசான் எது?

முதலாவது என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் நல்ல பழைய உதாரணம் டிஎன்917. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டான் க்ளூவெல் குழு 1980இல் வெளியிட்டது. எரித்ரோமைசின் எதிர்ப்பைச் சுமக்கும் இந்தத் துண்டு, செல்லைக் கொல்லாத சிறு அளவு எரித்ரோமைசின் பட்டாலே சுமார் பத்து மடங்கு அதிகமாகத் தாவியது. எதிர்ப்பு மரபணுவுக்குப் பின்னால் வரிசையில் இருப்பது டிரான்ஸ்போசேஸ் மரபணு. மருந்து எதிர்ப்பு மரபணுவின் படியெடுப்பை எழுப்பிவிட, அது நிற்காமல் அடுத்த மரபணுவுக்குள்ளும் ஓடிவிடுகிறது.

இந்த 'ஓடிவிடும் படியெடுப்பு' மறுபடி மறுபடி வரும். ரசாயனத்தால் தூண்டப்படும் டிரான்ஸ்போசான்களில் பாதிக் கதை இதுதான்.

டெட்ராசைக்ளின் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஏன்?

ஏனென்றால் அங்கே நடப்பது படிப்படியாகத் தெரிந்திருக்கிறது. டிஎன்917 வந்த அதே என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் டிஎஸ்16 வகையில் கிடைத்ததுதான் டிஎன்916. சுமார் 18,000 எழுத்து நீளம். ஒரு செல்லுக்குள் மட்டும் தாவாமல் பக்கத்துச் செல்லுக்கும் தன்னைக் கடத்தக்கூடியது. டெட்ராசைக்ளின் எதிர்ப்புக்கான டெட்-எம் மரபணு இதில் இருக்கிறது.

மருந்து இல்லாதபோது டெட்-எம்முக்கு முன்னாலேயே படியெடுப்பு பெரும்பாலும் நின்றுபோகும். மருந்து வந்ததும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தால் நிறுத்தக் குறியைத் தாண்டிப் படியெடுப்பு ஓடுகிறது. முதலில் டெட்-எம், அப்புறம் அதற்கடுத்த ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள், கடைசியில் துண்டை வெட்டியெடுக்கும் நொதிகள். வெட்டுப்பட்ட துண்டின் இரு முனைகளும் இணைந்து வட்டமாகின்றன. பக்கத்துச் செல்லுக்குக் கடத்தும் மரபணுக்கள் துண்டின் மறுகோடியில் இருப்பதால், நேராக நீண்டு கிடந்தவரை இந்தப் படியெடுப்பு அவற்றை எட்ட வழியில்லை. வட்டமானதும் அதே படியெடுப்பு சுற்றிவந்து அவற்றையும் எழுப்பிவிடுகிறது. அதாவது, வெட்டியெடுக்கப்பட்டு முடியும்வரை கடத்தல் எந்திரம் தொடங்காது. இதைவிட நேர்த்தியான பாதுகாப்பை நான் பாக்டீரியாவில் அதிகம் பார்த்ததில்லை.

பாசிலஸ் சப்டிலிஸை டெட்ராசைக்ளினில் வளர்த்துவிட்டுப் பிறகு கடத்தலை அளந்தபோது ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. வேறு இனங்களில் இந்த எண் மாறும்.

இன்னும் பெரிய எண் வேண்டுமென்றால் நம் குடலுக்குள் போக வேண்டும். பாக்டீராய்டிஸ் இனங்களில் உள்ள சிடிஎன்டாட் என்ற துண்டு, டெட்ராசைக்ளின் இல்லாமல் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. பட்டால் கடத்தல் நூறு முதல் ஆயிரம் மடங்கு, சில அளவீடுகளில் அதற்கும் மேல் கூடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அபிகெய்ல் சேலியர்ஸும் நாட்ஜா ஷூமேக்கரும் பல ஆண்டுகள் இதிலேயே இருந்தார்கள். அவர்கள் குழு சேமிப்பில் இருந்த பழைய வகைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, இந்தத் துண்டில் வரும் டெட்-கியூ மரபணு 1970க்கு முன் சுமார் 30 சதவீதப் பாக்டீராய்டிஸ் வகைகளில்தான் இருந்தது. 1990களில் அது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த உயர்வில் தூண்டல் எவ்வளவு, தேர்வு எவ்வளவு என்று கேட்டால், இரண்டும் கை கோத்துத்தான் வேலை செய்திருக்கும் என்பேன். இங்கே இரண்டையும் பிரித்துப் பேசுவதில் பெரிய பயன் இல்லை. சிடிஎன்டாட் எழும்போது தானாக நகர வக்கில்லாத என்பியூ1 போன்ற பக்கத்துத் துண்டுகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் என்பது கூடுதல் தலைவலி.

காலராவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1992 இறுதியில் மதராஸில் புதுவிதக் காலரா தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ஓ1 வகை. இது ஓ139. மாதக்கணக்கில் கிழக்கு இந்தியா, வங்கதேசம் என்று பரவியது. மதராஸ் நோயாளியிடமிருந்து எடுத்த எம்ஓ10 என்ற வகையை வைத்து மேத்யூ வால்டோர், ஜான் மெக்கலனோஸ் ஆகியோர் 1996இல் ஒரு துண்டை அடையாளம் கண்டார்கள். சல்ஃபமெதாக்சசோல், டிரைமெதோப்ரிம் இரண்டுக்கும் எதிர்ப்புத் தந்ததால் எஸ்எக்ஸ்டி என்று பெயர். குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பும் அதிலேயே இருந்தது. நீளம் சுமார் ஒரு லட்சம் எழுத்து. எங்கே வேண்டுமானாலும் உட்காரும் டிரான்ஸ்போசான் அல்ல, குரோமோசோமில் பிஆர்எஃப்சி என்ற ஒரே மரபணுவின் முனையில்தான் உட்காரும். அதனால் கறாராகப் பேசுபவர்கள் இதைத் தனி வகையில் வைப்பார்கள். நம் கேள்விக்கு அந்தப் பாகுபாடு தடையில்லை.

சாதாரண நாட்களில் செட்ஆர் என்ற அடக்கிப் புரதம் இதை உறங்கவைத்திருக்கிறது. டிஎன்ஏ சேதமானால் பாக்டீரியா எஸ்ஓஎஸ் என்னும் அவசரப் பழுதுநீக்கத்தைத் தொடங்கும். அப்போது செயல்படத் தொடங்கும் ரெக்ஏ புரதம், செட்ஆர் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும்படி செய்துவிடும். அடக்கி போனதும் செட்சி, செட்டி என்ற இரண்டு புரதங்கள் உருவாகி, வெட்டியெடுக்கும் மரபணுக்களையும் கடத்தும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். 2004இல் வால்டோர் குழு இதைக் காட்டியபோது பயன்படுத்திய ரசாயனங்கள் இரண்டு: டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிடும் மைட்டோமைசின் சி, அப்புறம் நாம் மருந்துக்கடையில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எஸ்எக்ஸ்டி சுமப்பது சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பை அல்ல. ஒரு மருந்தைக் கொடுக்கிறோம், அதனால் வேறு நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு பக்கத்துச் செல்லுக்குப் போகிறது. டெட்ராசைக்ளின் கதையில் தூண்டுவதும் எதிர்ப்பும் ஒரே மருந்துக்கு. இங்கே அப்படியில்லை. மருத்துவத்தில் இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

அப்படியானால் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் எதுவும் தாவலைக் கூட்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. டிஎன்5 நேர் எதிர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரெஸ்னிகாஃப் குழு 1991இல் காட்டியது: எஸ்ஓஎஸ் தூண்டப்பட்டால் டிஎன்5இன் நகர்வு குறைகிறது. அதற்கு முன்பே 1982இல், டிஎன்ஏவின் முறுக்கைப் பராமரிக்கும் கைரேஸ் நொதி டிஎன்5 நகர்வுக்குத் தேவை என்பது தெரிந்திருந்தது. கைரேஸை முடக்கும் மருந்துகள் டிஎன்5ஐயும் மந்தமாக்கின. சிப்ரோஃப்ளாக்சசின் தாக்குவதும் அதே கைரேஸைத்தான். ஆக, ஒரே நொதியில் கை வைத்தாலும் ஒரு துண்டு கிளம்பும், இன்னொன்று அடங்கும். 'ஆன்டிபயாடிக் தாவும் மரபணுக்களைத் தூண்டுகிறது' என்ற பொது வாக்கியம் எங்கே வந்தாலும் எந்த மருந்து, எந்தத் துண்டு என்று கேளுங்கள்.

பாதரசம் போன்ற உலோகங்கள்?

பாதரசத்துக்குத் தூண்டல், தேர்வு இரண்டுக்கும் உதாரணம் உண்டு. சூடோமோனாஸில் கிடைத்த டிஎன்501 பாதரச எதிர்ப்பைச் சுமக்கிறது. சிறிதளவு பாதரச அயனி இருந்தால் தாவல் கூடுகிறது. காரணம் பழைய கதைதான், மெர் எனப்படும் பாதரச எதிர்ப்பு மரபணுக்களின் படியெடுப்பு டிரான்ஸ்போசேஸுக்குள் ஓடிவிடுகிறது.

அதன் உறவினரான டிஎன்21 ஜப்பானில் 1950களில் ஷிகெல்லா என்ற வயிற்றுக்கடுப்பு பாக்டீரியா தொற்றிய நோயாளியிடமிருந்து எடுத்த பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) இருந்தது. பாதரச எதிர்ப்போடு சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பும் ஒரே துண்டில் இருக்கிறது. பாதரசம் உள்ள இடத்தில் பிழைத்தவை இந்த மருந்துகளுக்கும் மசியாது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆன் சம்மர்ஸ் குழு 1993இல் குரங்குகளின் பல்லில் பாதரச அமால்கம் அடைத்துப் பார்த்தபோது வாயிலும் குடலிலும் பாதரசம் தாங்கும் பாக்டீரியா பெருகியது, அவற்றில் பல ஆன்டிபயாடிக்கையும் தாங்கின. இது தேர்வு. நகர்வு கூடியதாக அங்கே யாரும் காட்டவில்லை.

துத்தநாகத்துக்கு குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் சிஎச்34 என்ற பாக்டீரியா. 1976இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கிடைத்தது. துத்தநாகம் மிகும்போது இதன் ஐஎஸ் துண்டுகள் சில அதிகம் நகர்வதை 2016இல் காட்டினார்கள்.

உணவுப் பொருள்கள்? சர்க்கரை வேண்டுமென்றால் பாக்டீரியா மரபணுவை அதற்கேற்ப நகர்த்திக்கொள்கிறதாமே?

இது ஒரு காலத்தில் பெரிய சண்டை. ஜேம்ஸ் ஷாபிரோ 1984இல் ஓர் ஈ.கோலை வகையை உருவாக்கினார். அதில் மியூ என்ற தாவும் வைரஸ் குறுக்கே இருந்ததால், அரபினோசும் லாக்டோசும் உள்ள தட்டில் வளர முடியாது. மியூ விலகினால் வளரலாம். தட்டில் பல நாள் காத்திருந்தபின் வளரும் செல்கள் தோன்றின. வழக்கமான வளர்ப்பில் அப்படித் தோன்றுவதே அரிது. 1988இல் ஜான் கெய்ர்ன்ஸ், தேவையான மாற்றத்தைப் பாக்டீரியாவே தேர்ந்தெடுக்கக்கூடுமோ என்று எழுதியபோது இந்தச் சோதனையும் சாட்சிக்கு வந்தது.

1990இல் மிட்லரும் லென்ஸ்கியும் அந்தச் சர்க்கரைகள் இல்லாமலே செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். மியூ அப்போதும் விலகியது. சர்க்கரை கட்டளை போடவில்லை, பசிதான் பூட்டைத் தளர்த்தியது. கிளிசரால் என்ற உணவுப் பொருளையும் ஐஎஸ்5 என்ற துண்டையும் வைத்துப் பிற்காலத்தில் வந்த சில ஆய்வுகள் இந்த விவாதத்தைத் திரும்பக் கிளப்பின. என் அபிப்பிராயத்தில் 'பாக்டீரியா தேடி நகர்த்துகிறது' என்பதற்கு ஆதாரம் போதாது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

ஒரு நல்ல தந்திரம் சாக்பி. பாசிலஸ் சப்டிலிஸிலிருந்து எடுத்த இந்த மரபணு ஈ.கோலை போன்றவற்றில் இருந்தால், 5 சதவீதச் சர்க்கரை கலந்த தட்டில் அவை செத்துவிடும். காரணம், நாம் காபியில் போடும் அதே சுக்ரோஸ், லெவான் என்ற பிசினாகச் செல்லுக்குள் சேர்ந்துவிடுகிறது. சாக்பிக்குள் ஏதாவது ஒரு துண்டு வந்து விழுந்தால் மரபணு கெட்டு, செல் பிழைக்கும்.

எனவே சர்க்கரைத் தட்டில் முளைத்த புள்ளிகளைப் பொறுக்கி, சாக்பியைப் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கி, டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிடுவார்கள். சுமார் 1,400 எழுத்துக்கான கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அது சாதாரணப் பிழை மாற்றம், தாவல் இல்லை. கோடு மேலே ஏறி 2,200க்குப் பக்கத்தில் நின்றால் 768 எழுத்து நீளமுள்ள ஐஎஸ்1 ஆக இருக்கலாம், 2,600க்குப் பக்கத்தில் நின்றால் ஐஎஸ்5 என்று சந்தேகிக்கலாம். வரிசையைப் படித்துப் பார்த்தால் உறுதி. ஜெல்லில் அந்தக் கோடு ஏறி நிற்பதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

இந்த முறையின் பலம், சோதிக்கும் ரசாயனமும் பிழைப்பைத் தீர்மானிக்கும் சர்க்கரையும் வேறுவேறு என்பது. ரசாயனத்தில் வளர்த்து, கழுவி, பிறகு சர்க்கரைத் தட்டில் போடலாம். கழுவாமல் போட்ட முடிவுகளை நான் நம்புவதில்லை. பல தனித்தனிக் குழாய்களில் வளர்த்து ஒப்பிடுவதும் முக்கியம். லூரியா, டெல்ப்ரூக் 1943இல் காட்டியதுபோல, மாற்றம் சீக்கிரமே நடந்துவிட்ட ஒரு குழாய் மொத்தச் சராசரியையும் ஏமாற்றிவிடும்.

எந்த அளவு ரசாயனம் ஆபத்து?

கொல்லும் அளவை விடக் குறைவானது. செத்த செல் எதையும் கடத்தாது. மேலே சொன்ன எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின், பாதரசச் சோதனைகள் எல்லாம் அந்தப் பாக்டீரியா தாங்கும் அளவில் நடந்தவை.

நகர்வைத் தடுக்க மருந்து உண்டா?

மருத்துவமனைக்கு வந்தது எதுவும் இல்லை. சுவாரசியமான ஒரு பக்கக் கதை உண்டு. டிஎன்5 டிரான்ஸ்போசேஸும் எச்ஐவியின் இன்டக்ரேஸ் நொதியும் வெட்டும் பகுதியில் ஒரே சாயல், இரண்டுக்கும் உலோக அயனி வேண்டும். ரெஸ்னிகாஃப் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் டிஎன்5ஐத் தடுக்கும் பொருள்களைச் சலித்தபோது, அவற்றில் சில எச்ஐவி இன்டக்ரேஸையும் தடுத்தன. 2007இல் அனுமதி பெற்ற ரால்டெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தும் அந்த அயனிகளைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறது.

மனிதனின் மரபணுவிலும் தாவும் துண்டுகள் உண்டே, மாத்திரை சாப்பிட்டால் அவை கிளம்புமா?

உண்டு. ஏறத்தாழ பாதி அவற்றின் மிச்சம்தான், அநேகமாக எல்லாம் செயலிழந்தவை. மேலே விவரித்த பூட்டுகள், அதாவது ரைபோசோம் தடுமாற்றம், செட்ஆர், மெர் எல்லாம் பாக்டீரியாவுக்கே உரியவை. அந்த வழிகளில் நமக்கு எதுவும் ஆகாது.

கோலிஸ்டின் தடை இதனால்தானா?

ஓரளவு. கோலிஸ்டின் ஓர் ஆன்டிபயாடிக். எம்சிஆர்-1 என்ற கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைச் சீனாவில் கண்டதாக 2015 நவம்பரில் வெளியானது. அதன் இருபுறமும் ஐஎஸ்ஏபிஎல்1 என்ற துண்டுகள் நின்று அதைப் பிளாஸ்மிட்டுக்குத் தூக்கிவந்திருக்கின்றன. பல பிளாஸ்மிட்டுகளில் தூக்கிவந்தவை பிறகு கழன்றுபோய், மரபணு மட்டும் அங்கேயே நிலைத்துவிட்டது. தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. கோலிஸ்டின் இந்தத் துண்டின் தாவலைத் தூண்டுகிறது என்பதல்ல தடைக்குக் காரணம். எதிர்ப்புப் பெற்றவை மட்டும் பிழைத்துப் பெருகுவதைத் தடுக்கத்தான் அது. மருந்தை நிறுத்தினால், ஏற்கெனவே நகர்ந்து முடிந்த மரபணு திரும்பிப் போகாது, ஆனால் அதைச் சுமக்கும் பாக்டீரியாவுக்குப் பண்ணையில் கிடைத்துவந்த சலுகை போய்விடும்.